பெயர் மறைத்த போட்டியும் சிறுசேரி மாளிகைகளும்

சிறுசேரியிலே டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தார் எழுப்பியுள்ள வளாகத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஏறக்குறைய 70 ஏக்கர் நிலம். 24,000 பேர் அமர்ந்து பணிபுரியத்தக்க இடம். நீண்டோடும் நடுக்கூடமொன்றின் இருமருங்கும் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகளைப்போல் ஆறு மாளிகைகள் நிற்கின்றன. இவற்றை வகுத்தவர் கார்லோஸ் ஓட் என்னும் சிற்பியார்.

இவர் தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டில் 1946இல் பிறந்தவர். 1983இல் கனடாவிலே அதிகம் அறியப்படாதவராய்த் தொழில் செய்துவந்தார். அப்பொழுது பாரிஸ் மாநகரின் பாஸ்டில் சதுக்கத்தில் இசைநாடக அரங்கமொன்று அமைக்கக் கருதிய பிரெஞ்சு அரசினர் உலகப் போட்டியொன்று நடத்தினர். வந்த வரைபடங்கள் 700க்கு மேற்பட்டவை. வரைந்தவர் பெயரோ நடுவர்க்கு மறைக்கப்பட்டிருந்தது! ஓட் வரைந்ததை அமெரிக்கப் பெருஞ்சிற்பி ரிச்சர்ட் மையருடையதென்றே சிலர் எண்ணினர் என்பர். பெயர் வெளிப்பட்டபோது அவர் 37 வயதினர். அரங்கம் 1989 ஜூலை 13இல் திறக்கப்பெற்றது.

பெயர் தெரிந்திருப்பின் அப்படம் அத்துணை நேரம் நடுவர் மேசைமீது கிடந்திருக்குமோ? ஐயமே. நம் நாட்டுப் பொதுக் கட்டிடங்களுக்கும் இம்முறை பரவுதல் வேண்டுமென்பது எம் கருத்து.

நிற்க. சிறுசேரியின் வண்ணத்துப்பூச்சி வடிவம் வானிற் பறக்கும் பருந்துக்கே முழுதும் புலனாகும், சாலையிற் செல்வார்க்கன்று. ஆயினும் ஒடுங்கிய சிறகுகளாய்ப் பிரிந்த கட்டிடத்திலே, பெருஞ்சதுரக் கட்டிடத்திற்போலன்றி, சாளர வெளிச்சம் உள்ளிருப்பார் பலரையும் எட்டும்.