நாயும் பூனையும் ஒரே கூரையின் கீழ்

துறைமுக நகரில் வாழும் நமக்கு நாயும் பூனையும் புதியன அல்ல. மீன் அறுக்கும் இடங்களிலே, செவுளும் குடலும் எப்போது வந்து விழும் என்று காத்து, இரண்டு இனமும் ஒரே வெளியிற் குந்தியிருப்பதை நேயர்கள் பலகாலும் கண்டிருப்பீர்கள். அங்கே பெருஞ் சண்டை மூள்வது அருமை. ஒவ்வொரு பிராணியும் தன் எல்லையையும் தப்பியோடும் வழியையும் அறிந்து வைத்திருக்கிறது. அவற்றையே நாலு சுவருக்குள் கொண்டுவந்து விட்டால் மட்டும் வீடு ஏன் போர்க்களமாகிறது? இவ்வினாவுக்கு விடை தேடும் நிர்ப்பந்தம் சென்ற ஆண்டு எமக்கு ஏற்பட்டது.

எமது இல்லத்தில் ஏழு வயதுப் பூனையொன்று உண்டு. முதுமையால் அதிகம் வெளிச் செல்லாத எம் தாயாருக்கு அதுவே பகல் முழுதும் துணை; இரவில் அவர் கால்மாட்டிலேதான் உறங்கும். வைகாசி மாதத்தில் ஒரு நாள் எம் மகன் இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். “இரண்டு நாளிற் பழகிவிடும்” என்று தீர்ப்புக் கூறியவர் நாமே. அத்தோடு நில்லாது, பூனையை இரு கைகளாலும் பற்றிக் குட்டியின் முகத்துக்கு நேரே நீட்டி அறிமுகமும் செய்துவைத்தோம். கல்லூரியில் இருபது ஆண்டு பாடம் சொன்னவரின் அறிவு அவ்வளவே!

குட்டியின் கண்ணோரத்தில் நீண்ட கீறல்; எமது முழங்கையில் மூன்று. பூனை கூரையேறி மறைந்தது. காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டு நாம் வைத்தியசாலைக்கும், மகன் குட்டியோடு மிருக வைத்தியரிடமும் ஓடினோம். இன்னும் ஒரு நூலளவு தள்ளியிருந்தால் கருவிழி போயிருக்கும் என்றார் வைத்தியர். மூன்று இரவுகள் பூனை திரும்பவில்லை. தாயார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பின்வாசலில் மீன் வைத்துவிட்டு நெடுநேரம் விழித்திருந்தார். மூன்றாம் நாள் மட்டும், “தம்பி, முன்பின் தெரியாத ஒருத்தனைக் கூட்டிவந்து கட்டிப்பிடி எண்டு சொன்னால் நீ பிடிப்பியோ?” என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை.

பின்னர் நூல்களைப் புரட்டினோம். இவற்றின் பகையிற் பெரும்பகுதி மொழிக் குழப்பமே. நாய் வாலை ஆட்டுவது பெரும்பாலும் நட்புக்கு. பூனை வாலை வீசியடிப்பதோ சினத்துக்கு. பூனை வாலை நேரே நிமிர்த்தி வந்தால் அது வணக்கம். நாயிடத்தில் நிமிர்ந்த வால் வீறாப்பு. நாய் மல்லாந்து படுத்தாற் பணிவு. சண்டையிலே பூனை மல்லாந்தால் நான்கு கால்களின் நகங்களும் ஆயத்தம் என்று பொருள்.

இம்மொழியை இளமையிற் கற்பது எளிது. சீன உளவியலறிஞர் சிங் யாங் குவோ 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளுள் 18 எலிகளைக் கொன்றன. எலியோடு ஒரே கூட்டில் வளர்ந்த 18இல் 3 மட்டுமே கொன்றன. பரம்பரைப் பகை என்று நாம் எண்ணுவதில் வளர்ப்புக்கும் பங்குண்டு என்பது இதனாற் புலனாகும். 2008ஆம் ஆண்டில் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர் இரு பிராணிகளும் வாழும் இல்லங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றில் சினேகமே நிலவக் கண்டனர். பூனை முதலில் வந்த வீட்டிலும், பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஓராண்டுக்குள்ளும் அறிமுகமான வீட்டிலும் பழக்கம் இலகுவாயிற்றாம். எமது நாய்க்குட்டிக்குப் பருவம் வாய்ப்பாகவே இருந்தது. பூனையோ பள்ளிப் பருவத்தை எப்போதோ கடந்துவிட்டது.

நாலாம் இரவு பூனை மெலிந்து வந்து சேர்ந்தது. இம்முறை அவசரப்படவில்லை. தாயாரின் அறை பூனைக்கே உரியதாயிற்று. கதவு சாத்தியே இருந்தது. குட்டி படுத்த சாக்குத் துண்டை உள்ளேயும், பூனை படுத்த பழஞ் சேலைத் துண்டை வெளியேயும் மாற்றி மாற்றிப் போட்டோம். முகத்தைக் காணுமுன் மணம் பழகட்டும் என்பது எண்ணம். முதல் நாள் பூனை அச்சாக்கைக் கண்டு சீறியது. ஐந்தாம் நாள் அதன்மேலேயே படுத்தது. அதன்பின் சாத்திய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வைத்தோம். தட்டுகளை நாளுக்கு ஒரு சாணாகக் கதவருகே நகர்த்தினோம்.

மூன்றாம் வாரத்திற் கதவு திறந்தது. கட்டப்பட்டது நாய், பூனை அன்று. இது முக்கியம். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. ஒரு தடவை துரத்தி இன்பங் கண்டுவிட்டால் மறக்கச் செய்வது கடினம். குட்டி பூனையை வெறித்துப் பாராது எம் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டு மீன் கொடுத்தோம். அடிக்கவில்லை. அடித்தால், பூனை வந்தால் அடி விழும் என்றே நாய் கற்றுக்கொள்ளும்.

பூனைக்கு உயரம் வேண்டும். அலுமாரியின் மேற்றட்டை ஒழித்துக் கொடுத்தோம். மனைவியாரின் முகம் சற்றுக் கறுத்தது உண்மையே. அதன் உணவும் மேசைமேல் ஏறிற்று, இல்லையேல் இரண்டு பங்கும் குட்டியின் வயிற்றுக்கே போகும். நாய்க்கு ஆக்கும் சோறு பூனைக்குப் போதாது. டோரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் வேண்டிய அளவு தானே ஆக்குவதில்லை. அது குறைந்தால் இருதயம் பழுதுறும் என்பது 1987ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. மீனும் இறைச்சியும் அதனை நல்கும். இரண்டுக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

எல்லா வீட்டிலும் இது பலிக்குமென்று உறுதி கூறமாட்டோம். வேட்டைக் குணம் மிகுந்த நாய்கள் சில உண்டு. அவற்றைப் பூனையோடு தனியே விட்டுச் செல்வது பாவம். எமது நாயையும் ஆறு மாதம் வரை அவ்வாறு விட்டதில்லை.

கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை கொட்டிய ஓரிரவு மின்சாரம் நின்றது. விளக்கேந்தித் தாயாரின் அறைக்குச் சென்றோம். கட்டிலின் கால்மாட்டிற் பூனை. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஏறக்கூடாத கட்டிலில் ஏறி நனைந்த உடம்போடு நாய். இறக்கிவிடக் கை நீட்டினோம். தாயார் வேண்டாமெனச் சைகை காட்டி, தம் கால்களை இன்னும் சற்று மடக்கிக்கொண்டார்.