குப்புனா: முதியோருக்கு ஹவாயில் ஒரு சொல்

எங்கள் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் காதில் விழும் தொடர் ஒன்று உண்டு: “வயதாகிவிட்டது டாக்டர், அவ்வளவுதான்.” சொல்பவர் மகனோ மருமகளோ. கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பவர் நோயாளி. மறைப்பானேன், ‘வயோதிகம்’ என்று கோப்பில் எழுதிவிட்டு நாங்களும் அடுத்தவரை அழைத்ததுண்டு. முதுமையை எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்பதற்கும் கவனிப்புக்கும் தொடர்பு உண்டா? இவ்வகையில் ஹவாய்த் தீவுகளின் மொழி எங்களுக்கு வியப்பளிக்கிறது.

அம்மொழியில் பழமைக்குப் பொதுச்சொல் ‘கஹிக்கோ’. பழைய வீடு, பண்டைக்காலம், ஓதலுக்கு ஆடும் தொன்மையான ஹுலா நடனம், ஆண்டு பல கண்ட மனிதர் என எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கிழவர் ‘எலெமக்குலே’, கிழவி ‘லுவஹினே’. ஆனால் ‘குப்புனா’ உறவுச்சொல். தாத்தா, பாட்டி, அவர்களுடைய உடன்பிறந்தார், அத்தலைமுறையின் நெருங்கிய நண்பர், என்றோ மறைந்த முன்னோர் அனைவரும் குப்புனாவே. தொடக்கம், மூலம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. முதல் உயிரெழுத்தை நீட்டினால் பன்மை: ‘கூப்புனா’. குறில் நெடில் பழகிய நமக்கு இது எளிது. (கஹிக்கோவை ‘காஹிக்கோ’ என்று நீட்டினாலோ, பொருள் அணிமணி என மாறிவிடும்!)

சாமுவேல் எல்பர்ட்டுடன் இணைந்து 1957இல் ஹவாய்–ஆங்கில அகராதியை வெளியிட்ட மேரி கவேனா புக்குயி, 1895இல் பிறந்தவர். இளமையில் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தவர். பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் வளர்க்கக் கொடுப்பது அங்கு ‘ஹானாய்’ எனப்படும் வழக்கம். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி எனச் சட்டம் வந்தது. தாய்மொழி முதியோரின் நாவில் ஒதுங்கியது. 1978இல் ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழிகளுள் ஒன்றானபின், அதைக் கற்பிக்கப் பள்ளிகள் அழைத்தது அந்தக் கூப்புனாவைத்தான். எத்தனையோ பேர் தம் எழுபதாம் வயதில் வகுப்பறைக்குத் தேவைப்பட்டார்கள்.

2017இல் அம்மாநிலம் இயற்றிய ஒரு சட்டத்தின் பெயரிலும் இச்சொல் உண்டு. வாரம் 30 மணி நேரமாவது வெளியில் வேலை செய்துகொண்டே, வீட்டில் 60 வயது கடந்தவரைப் பராமரிப்போருக்கான உதவித் திட்டம் அது. பகல்நேரக் காப்பகம், உணவு, போக்குவரத்து போன்ற சேவைகளுக்கு நாளொன்றுக்கு 70 டாலர் வரை என்று தொடங்கியது. பராமரிப்பவரும் களைத்துப்போவார் என்பதை அரசு ஏட்டில் ஏற்றுக்கொண்ட செயல் இது. எங்களுக்குப் பொறாமையாகவும் இருக்கிறது.

சொல்லை மாற்றினால் நோய் தீராது. ஆயினும் ‘வயதாகிவிட்டது’ என்னும் சொல் நோயை மறைக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று பிதற்றினால், அது முதுமையன்று. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, குருதியில் உப்புக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவும் காரணமாகலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மெல்ல வளரும் சோர்வுக்கும் மறதிக்கும் தைராய்டு குறைவோ, வைட்டமின் பி12 குறைவோ, மனச்சோர்வோ பின்னால் இருக்கலாம். காது கேளாமையும் மறதிபோலத் தோன்றும்.

வரும்போது அவருடைய கண்ணாடியையும் செவிக்கருவியையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள். முதல் கேள்வியை நாங்கள் அவரிடமே கேட்போம். விடை வரச் சற்று நேரமாகலாம், காத்திருப்போம்.