ஒரே பிராண்டு, ஒரே விலை… அப்புறம் ஏன் லாட் நம்பரைப் பாக்குறாங்க?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் த்ரீ பொசிஷன்ல வெண்கலம் வாங்கினாரே, ஞாபகம் இருக்கா? அந்த டார்கெட்டோட 10 புள்ளி வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட உங்க சட்டை பட்டன் சைஸ். அதை 50 மீட்டர் தள்ளி நின்னு அடிக்கணும். இந்த எபிசோட்ல ஆளைப் பத்திப் பேசப் போறதில்ல, தோட்டாவைப் பத்தி.

அமெரிக்காவுல துல்லியத்துக்காகச் சுடுறவங்க நிறைய பேர் தோட்டாவைத் தாங்களே தயாரிச்சுக்குவாங்க. மருந்தை எடை போட்டு, தன் துப்பாக்கிக்கு எந்த அளவு ஒத்துவருதுன்னு கண்டுபிடிப்பாங்க. ஆனா குசாலே சுடுற பாயின்ட் 22 தோட்டாவுல அது நடக்காது. தீப்பத்த வைக்கிற ரசாயனம் தனி மூடியில இல்ல. பித்தளைக் கூட்டோட அடி விளிம்புக்குள்ளயே இருக்கு. ஈரமா உள்ள வச்சு, கூட்டைச் சுழற்றி விளிம்புக்குள்ள தள்ளுவாங்க. ஒரு தடவ சுட்டா விளிம்பு நசுங்கிடும், அவ்ளோதான்.

சரி, கையில செய்ய முடியாது. அப்ப என்ன பண்றது? தேடித்தான் எடுக்கணும்.

கொஞ்சம் கணக்கு பாக்கலாம். இந்தக் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்துல கிளம்புது, ஒலியை விடக் கொஞ்சம் கம்மி. ஒரு தோட்டா 10 மீட்டர் மெதுவா கிளம்பினா, 50 மீட்டர்ல சுமார் 7 மில்லிமீட்டர் கீழ படும். இந்த டார்கெட்ல 0.1 புள்ளிங்கிறது 0.8 மில்லிமீட்டர். அப்போ கை ஆடல, மூச்சு சரியா இருந்துச்சு, ஆனாலும் கிட்டத்தட்ட 0.9 புள்ளி போயிடலாம். ஃபைனல்ல 0.9 எல்லாம் பெரிய விஷயம்ங்க.

ஒரே பெட்டி, ஒரே பேரு, ஆனா வேற லாட்டா இருந்தா வேற மாதிரி சுடும். அதோட, என் பேரலுக்குப் பிடிச்ச லாட் உங்க பேரலுக்குப் பிடிக்காம போகலாம். அதனாலதான் இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல ஈலே, ஜெர்மனி ஷோனெபெக்ல லபுவா மாதிரி கம்பெனிகள் டெஸ்ட் ரேஞ்சே வச்சிருக்காங்க. காத்து அடிக்காத இடத்துல ரைபிளை இறுக்கிக் கட்டிட்டு, லாட் லாட்டா சுட்டுப் பாப்பாங்க. லாட் மாத்தினா முதல் சில குண்டைக் கணக்குல சேக்க மாட்டாங்க; பேரலுக்குள்ள முந்தின தோட்டாவோட மெழுகு ஒட்டியிருக்கும்.

எல்லாரும் ஏமாறுறது அடுத்த ஸ்டெப்லதான். 12 லாட் எடுக்குறோம், ஒவ்வொண்ணுலயும் 5 குண்டு. ஒண்ணு சூப்பரா சின்ன குரூப்பா வருது. உடனே அதை வாங்கிடலாமா? வேணாம். ஒரே ஓவர்ல 20 ரன் அடிச்ச பேட்ஸ்மேனை அடுத்த ஃபினிஷர்னு சொல்ற மாதிரிதான் அது. 12 பேர்ல எவனோ ஒருத்தனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கத்தான் செய்யும். இன்னொண்ணு: அதே தோட்டாவுல 5 குண்டுக்குப் பதிலா 10 சுட்டா குரூப் சராசரியா 25 சதவீதம் பெருசாகும். தோட்டா கெட்டுப்போகல. அதிகமா சுட்டா, தூரமா போற ஒண்ணு ரெண்டு வெளிய தெரியும், அவ்வளவுதான். அதனால அஞ்சோட குரூப்பையும் பத்தோட குரூப்பையும் ஒப்பிடவே கூடாது. முதல் சுத்துல மோசமானதைக் கழிச்சிடுங்க. மிஞ்சின ரெண்டு மூணுல மட்டும் நாலஞ்சு பத்து-குண்டு குரூப் எடுங்க. வீட்டுல மருந்து எடை போடுற அமெரிக்க அண்ணாச்சிகளும் மூணே குண்டு சுட்டுட்டு இதே தப்பைத்தான் பண்றாங்க.

செலவு? டெஸ்ட்டுக்கே பல பெட்டி காலி. வெளிநாடு போக முடியாத பசங்க, கிளப்புல கிடைக்கிற ரெண்டு மூணு லாட்டைத்தான் இப்படிப் பாத்துக்கணும். நல்லது சிக்கினா, முடிஞ்ச வரைக்கும் அதே லாட் நம்பர்ல மொத்தமா வாங்கி வச்சுக்குவாங்க. அது தீர்ந்துட்டா, மறுபடியும் முதல் சுத்துல இருந்து.