இணையப் பாடக்குறிப்பு: பயன்படுத்தும் முன் நான்கு கேள்விகள்

இன்று ஒரு பாடத்துக்குப் பல பாடக்குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றுள் எதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது? 'பருவகாலங்கள்' பாடத்தைக் கொண்டு பார்ப்போம்.

1. கருத்து சரியா? சில அசைவூட்டப் படங்கள் புவியின் பாதையை நீண்ட முட்டை வடிவில் காட்டுகின்றன. அதைப் பார்க்கும் மாணவர், புவி சூரியனை நெருங்கும்போது கோடைக்காலம் வருகிறது என எண்ணிவிடுவார். உண்மையில் புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில்; தொலைவு சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில் அது சுமார் 15.2 கோடி கி.மீ. ஆகவே பாதை ஏறத்தாழ வட்டமே. பருவங்களுக்குக் காரணம் புவி அச்சின் 23½ பாகைச் சாய்வு. மனத்தில் பதிந்த தவறான படத்தைப் பின்னர் மாற்றுவது கடினம்.

2. நம் பாடநூலின் கற்றல் விளைவோடு பொருந்துகிறதா? பனிப்பொழிவையும் இலையுதிர்காலத்தையும் மட்டும் கூறும் குறிப்பில், நம் மாணவர் அறிந்த ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

3. மாணவர் என்ன செய்கிறார்? திரையை வெறுமனே பார்க்க வைப்பதைவிட, ஒரு பந்தையும் மின்விளக்கையும் கையில் கொடுப்பது மேல். அச்சின் சாய்வைத் தாமே மாற்றி, என்ன நிகழும் என முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்க்க முடிந்தால் கணினியால் பயனுண்டு.

4. இணைப்பு இல்லாவிட்டால்? முன்னரே பதிவிறக்கி, பள்ளிக் கணினியிலேயே ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

பின்னைய மூன்றில் குறை இருந்தால் திருத்திப் பயன்படுத்தலாம். கருத்தே பிழையெனில், எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.