அம்மை கண்ட ஊரில் தங்கியவர்

இருளிலும் விசுவாசம் – 9

யாழ்ப்பாணத்தில் நின்ற நம் கதை இந்த வாரம் மலையேறிக் கண்டிக்கு வருகிறது.

1687இல் கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகளார் வந்ததும் வராததுமாக வயிற்றுளைவில் விழுந்ததையும், பிறகு கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுகொண்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலையாக ஒரு குருவானவர் இல்லை. வெளிப்படையாகப் பூசை இல்லை. அப்படியும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். விடிவு எப்போது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

ஒல்லாந்தரின் ஆணை செல்லாத இடம் கண்டி இராச்சியம். அடிகளார் 1692இல் அங்கே போனார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையில் அடைத்தான். தேடிப் போன புகலிடமே சிறையானது. அடிகளார் அங்கே இருந்துகொண்டு சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் சிறு குடிசை ஒன்றைக் கோயிலாக்கினார். வறட்சிக் காலத்தில் அவருடைய செபத்தால் மழை பெய்தது என்று மரபு சொல்கிறது. அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த மழையிலிருந்தே தொடங்குவார்கள். எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நடந்தது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அம்மைத் தடுப்பூசி வர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்த காலம் அது. கொப்புளம் கண்ட உடலைத் தொடப் பெற்ற தாயும் அஞ்சினாள். நோயாளிகளை வீட்டிலும் காட்டிலும் விட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். மன்னனும் நகரை விட்டு விலகினான். அடிகளாரும், அவருடைய மருமகனான யோசே கர்வால்யோ அடிகளாரும் ஊரிலேயே தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், குடிசை போட்டுக் கிடத்தினார்கள். இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. குணமாக்கும் மருந்து அவர்கள் கையில் இல்லை. அடுத்த கொப்புளம் தங்கள் உடம்பிலேயே எழலாம் என்பதும் தெரியும். இருந்தும் போகவில்லை.

அந்தத் தொண்டின் பலனை எண்ணும்போது குண்டசாலையை நினைக்கிறேன். கண்டிக்குக் கிழக்கே மகாவலிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் அரண்மனை கட்டி வாழ்ந்தவன் நரேந்திரசிங்க மன்னன். 1707இல் அரியணை ஏறிய அவனைக் 'குண்டசாலை அரசர்' என்றே மக்கள் அழைத்தார்கள். கண்டியை ஆண்ட கடைசிச் சிங்கள மன்னன் அவன். அவன் காலத்தில்தான், 1711 ஜனவரி 16 அன்று, யோசேவாஸ் அடிகளார் கண்டியில் கண்மூடினார். 1705இல் இலங்கை வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் கிறிஸ்தவ நூல்களை எழுதிக் குவித்தபோது, அவரை மதித்து ஆதரித்தவனும் இந்த மன்னன்தான். ஒற்றன் என்று சிறைப்பட்டவரின் தோழர்கள் அரசனின் மதிப்பைப் பெற்றதற்கு அந்த வைசூரிக் காலத்துக் கஞ்சியும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

அந்த ஆதரவு நீடிக்கவில்லை. 1739க்குப் பிறகு வந்த ஆட்சியில் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மீண்டும் குருவில்லாத காலம். மாத்தளைப் பக்கத்து வஹகோட்டை போன்ற ஊர்களில் குடும்பங்கள் மறுபடியும் தாங்களாகவே செபித்து விசுவாசத்தைக் காத்தன. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது, பெயர் தெரியாத அந்தக் குடும்பங்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

மனம் உடைந்து கிடக்கும் ஒருவரிடம், "நம்பிக்கையை விடாதே" என்று சொல்வது எளிது. விசுவாசம் இருந்தால் துக்கம் வராது என்று சொல்வது கொடுமை. திருவிவிலியமே அப்படிச் சொல்வதில்லை. 88ஆம் திருப்பாடலை வாசியுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை புலம்பல். கடைசிச் சொல்லும் இருளில்தான் முடிகிறது. ஆனாலும் அந்தப் புலம்பல் முழுவதும் கடவுளை நோக்கியே எழுகிறது. முறையிடும் வாயும் செபிக்கும் வாய்தான். துயரத்தில் இருப்பவரே, உங்களிடம் அழுகை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், அதையே கடவுளிடம் கொண்டு போங்கள். உங்களைத் தேடி வரும் மனிதரையும் தடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் நோய்ப்பட்டு விழுந்த அடிகளாரும் பிறர் கையால்தான் எழுந்தார்.

சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறிய ஒருவரைத்தான் நாம் ஆண்டவர் என்கிறோம். கைவிடப்பட்டவர் பக்கத்தில் போய் உட்காராத நம்பிக்கை அவருடையதாக இருக்க முடியாது. உங்கள் தெருவிலும் இன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் இருப்பார்: பிள்ளையை இழந்தவர், கடனில் மூழ்கியவர், நோயின் பெயரைக் கேட்டு ஒடுங்கியவர். புத்தி சொல்லப் போகாதீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய், அவர் பேசும்வரை இருங்கள். அடுத்த நாளும் போங்கள்.

(தொடரும்)