பாத்திரத்தின் வாயும் மழையின் அளவும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஒரு வினா எழுவதுண்டு. வானிலை அறிக்கை சில சென்டிமீட்டர் மழை என்கிறது. தெருவிலோ இடுப்பளவு வெள்ளம் நிற்கிறது. இவற்றுள் எது மெய்? இரண்டும் மெய்யே. இதனை விளங்கிக்கொள்ளப் பழைய கணக்கு ஒன்று துணைபுரியும்.

மழையை நாம் உயரத்தால் அளக்கிறோம். சமதரையில் விழுந்த நீர் ஓடாமலும் ஊறாமலும் நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுவே மழையளவு. செங்குத்தான சுவருடைய குவளையையும் அண்டாவையும் ஒரே முற்றத்தில் வைத்தால் இரண்டிலும் நீர் ஒரே உயரமே நிற்கும். அண்டாவின் அகன்ற வாய் மிகுதியான நீரை வாங்குகிறது. அதே அகலமுள்ள அடிப்பகுதி அதனைப் பரப்பிவிடுகிறது.

பாத்திரத்தின் சுவர் சரிவாக இருந்தால் என்னவாகும்? சீனக் கணித அறிஞர் சின் ஜியூஷாவ் 1247ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இவ்வினாவை எழுப்புகிறார். ஒரு தொட்டியின் வாய் விட்டம் 28 அங்குலம், அடி விட்டம் 12, ஆழம் 18. (அங்குலம் என்பது இங்கே சீன அளவு.) அதில் மழைநீர் 9 அங்குலம் நிற்கிறது. அப்படியானால் பெய்த மழை எவ்வளவு?

நீர் பாதி ஆழத்தில் நிற்பதால் அதன் மேற்பரப்பின் விட்டம் 20, ஆரம் 10. அடியின் ஆரம் 6. இவ்விரண்டின் வர்க்கங்களையும் பெருக்கற்பலனையும் கூட்டினால் 100 + 36 + 60 = 196. இதனை ஆழமாகிய 9ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 588. வாயின் ஆரம் 14; அதன் வர்க்கம் 196. வட்டத்திற்குரிய 'பை' இருபுறமும் இருப்பதால் நீங்கிவிடுகிறது. 588ஐ 196ஆல் வகுக்க, விடை 3. பெய்தது 3 அங்குலம். தொட்டியில் நிற்பதோ 9!

நிலமும் இத்தகையதொரு தொட்டியே. பத்துச் சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்கிறதெனக் கொள்வோம். பாதி மண்ணில் ஊற, மீதி ஒரு சதுர கிலோமீட்டர் பள்ளத்தில் வந்து தேங்கினால் அங்கே 50 செ.மீ. நீர் நிற்கும். பள்ளத்தில் நேரே பெய்த 10 செ.மீ. மழையும் சேர்ந்தால் 60.

கடலூர் மாவட்டத்தின் நிலை இதுவே. பெண்ணையாறும் கெடிலமும் கடலூரருகிலும், வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும் கடலில் கலக்கின்றன. தொலைவிலுள்ள மேட்டு நிலங்களின் மழையெல்லாம் இத்தாழ்நிலத்தை நாடி வருகிறது. 2015 நவம்பரில் இம்மாவட்டம் பெருவெள்ளத்தில் உயிர்களை இழந்தது. லால்பேட்டையை அடுத்த வீராணம் போன்ற ஏரிகள், வந்து சேரும் நீரைப் பரப்பித் தேக்கும் அகன்ற அடிப்பகுதிகள். அவை தூர்ந்தாலும், வடிகால்கள் அடைபட்டாலும் தொட்டியின் அடி குறுகுகிறது. அதே மழைக்கு நீர்மட்டம் உயர்கிறது.

நைல் நதியின் மட்டத்தை அறிய, ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) அப்பாசியக் கலீஃபா முதவக்கில் காலத்தில் கெய்ரோவின் ரவ்ளா தீவில் 'மிக்யாஸ்' என்னும் அளவைத் தூண் நிறுவப்பட்டது. மழைமானி வானம் தந்ததைச் சொல்லும். மிக்யாஸ் ஆற்றில் வந்து சேர்ந்ததைச் சொல்லும். எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று கேட்பதோடு, அந்நீர் எவ்வளவு அகன்ற நிலத்திலிருந்து எவ்வளவு குறுகிய இடத்திற்கு வருகிறது என்றும் நாம் கேட்டாக வேண்டும். மழையைக் குறைக்க நம்மால் இயலாது. தொட்டியின் அடி குறுகாமல் காப்பது நம் கையில் உள்ளது.