‘ஹேவ்’ என்னும் சிறு வினை



நாஞ்சில் நாட்டுப் பள்ளியொன்றில் நான் ஆங்கிலம் கற்பித்து வந்த நாட்களில், ஒரு மாணவன் தன் குடும்பத்தைப் பற்றி எழுதுகையில், ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதினான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘ஐ ஹேவ்’ எனத் திருத்தினேன். ஏன் என்று கேட்டான். ‘அது அப்படித்தான்’ என்றேன். அதன் பின்னர் அவன் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே இல்லை. அன்று நான் சொல்லாத விடையை இன்று சொல்ல முற்படுகிறேன்.

‘ஹேவ்’ என்பதற்கு ஒத்த வினை நம் பேச்சில் இல்லை. ‘உடையேன்’ என்னும் சொல் ஏட்டில் உண்டு. ஆனால், ‘இரண்டு தம்பியரை உடையேன்’ என்று வீட்டில் எவரும் சொல்வதில்லை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் உடையவன் எழுவாய், உடைமை செயப்படுபொருள். தமிழிலோ உடைமையே எழுவாய். உடையவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான். இது தமிழின் குறையன்று. லத்தீனிலும் ‘எனக்கு நூல் இருக்கிறது’ என்று சொல்லும் வழக்கு இருந்தது.

மேலும், ஆங்கிலம் ஒரே சொல்லால் முடிப்பதைத் தமிழ் நுட்பமாகப் பிரிக்கிறது. ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’ என்றால் உறவு. ‘என்னிடம் தம்பி இருக்கிறான்’ என்றால் அவன் என் பொறுப்பில் தங்கியிருக்கிறான். பணம் ‘என்னிடம்’ இருக்கும். காய்ச்சல் ‘எனக்கு’ இருக்கும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ ஒன்றே போதும்.

வியப்பு இனித்தான் இருக்கிறது. ‘ஐ ஹேவ் கம்’ என்பதற்கு ‘வந்திருக்கிறேன்’ என்கிறோம். ‘ஐ ஹேவ் டு கோ’ என்பதற்குப் ‘போக வேண்டியிருக்கிறது’ என்கிறோம். உடைமை, முடிந்த செயல், கடமை ஆகிய மூன்றிடத்தும் ஆங்கிலேயன் ‘ஹேவ்’ வைக்க, நாம் ‘இரு’ வைக்கிறோம்! 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தமையால் மலையாளம் நமக்கு அயல் அன்று. அம்மொழியிலும் உடைமைக்கு வரும் ‘உண்டு’ என்பதே ‘வந்நிட்டுண்டு’ என முடிந்த செயலுக்கும் வருகிறது.

ஆனால் ஒரு பள்ளம் உண்டு. ‘போன ஆண்டு திருவனந்தபுரம் போயிருக்கிறேன்’ என்பது நமக்குப் பிழையன்று. ‘ஐ ஹேவ் கான் லாஸ்ட் இயர்’ என்பதோ ஆங்கிலத்தில் பிழை. அவ்வமைப்பு பழைய செயலை நிகழ்காலத்தோடு பிணைப்பது. ‘லாஸ்ட் இயர்’, ‘எஸ்டர்டே’ போன்ற முடிந்துபோன காலத்தைச் சுட்டினால் பிணைப்பு அறுந்துவிடும். அங்கே ‘வென்ட்’ என்றே எழுதுக.

இனி அம்மாணவனின் கேள்வி. ‘இருக்கிறது’ என்ற நம் நிகழ்காலம், எப்போதும் உள்ளதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. நடந்துகொண்டிருக்கும் செயலுக்கே ‘இங்’ உரியது. தம்பி உண்டு என்பது செயலன்று, நிலை. ஆதலின் அங்கே ‘ஹேவிங்’ பொருந்தாது. நம் நாட்டில் பலரும் அப்படிப் பேசுகிறார்கள்; தேர்வுத் தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். ‘உண்ணுதல்’ என்னும் பொருளில் வரும்போது ‘ஹேவ்’ செயலாகிவிடுகிறது. அம்மாணவன், ‘ஐ ஆம் ஹேவிங் மை லஞ்ச்’ என்று எழுதியிருந்தால் என் சிவப்பு மைக்கு வேலையே இருந்திராது.